இரண்டாவது கைப்பிடி

இந்த மேடையின் நடு நாற்காலியில் அமர்ந்து அவையை நடத்தித் தரும் எங்கள் சந்திப்பு நிலையக் கண்காணிப்பாளர் அவர்களே! பதினோரு கிலோமீட்டர் ஏக்கத்தைப் பத்து இரும்புப் பெட்டிக்குள் தீர்த்துக் காட்டியிருக்கும் பேட்டரிப் பொறியாளர் அம்மையார் அவர்களே! கைகழுவ நேரமில்லாமல் எண்ணெய்க் கையோடு ஓடிவந்து கடைசி வரிசையில் நிற்கும் என் பட்டறைத் தோழர்களே! இந்த வண்டி இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தே தலை நரைத்துப்போன பெரியவர்களே! பிள்ளையை இடுப்பிலும் சோற்றுப் பையைத் தோளிலும் சுமந்து இந்த நடைமேடையில் கால் கடுக்க நின்ற தாய்மார்களே! முதல் வரிசையில், இடப்பக்கம் மூன்றாவது நாற்காலியில், மடியில் பையை வைத்து அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் தங்கையே! உங்கள் எல்லோருக்கும் இந்த டீசல் ஓட்டியின் தலைதாழ்ந்த வணக்கம்.

கைதட்டலுக்கு நன்றி. கொஞ்சத்தை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசி முடித்த பிறகு தட்டுவீர்களா, மாட்டீர்களா என்று எனக்கே தெரியாது.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, பேட்டரி என்ஜினின் பெருமை. கொடுத்திருக்கும் நேரம், பத்து நிமிடம். கொடுத்திருக்கும் மரியாதை, இந்தக் கூட்டம் கலைந்ததும் அந்த என்ஜினின் முதல் வண்டியை நானே ஓட்டுவது. பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் பாதையில் ஒரு கரும்புள்ளி இல்லாமல் ஓட்டியவர் என்று அறிவிப்பாளர் தம்பி சற்று முன் சொன்னார். தம்பி, நீங்கள் நல்லவர், கொடுத்த காகிதத்தில் இருந்ததைப் படித்தீர்கள். அந்தக் கரும்புள்ளியைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். ஆனாலும் ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் போகக் கூடாது, முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன்.

தாய்மார்களே! தண்டவாளத்துக்கு மேலே ஓடுகிறதே ஒரு கம்பி, அதில்தான் மின்சார என்ஜினின் மூச்சு இருக்கிறது. என்ஜினின் கூரையிலிருந்து ஒரு மடக்குக் கை எழுந்து அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். தொட்டிருக்கும் வரை ஐயாயிரம் குதிரையின் வலு. கையை எடுத்துவிட்டாலோ நூறு டன் பழைய இரும்பு! பெருநகரத்தில் புறப்பட்ட அந்தக் கம்பி, ஆறு கடந்து, வயல் கடந்து, ஊர் ஊராய்க் கடந்து, நம் நடைமேடையின் மேற்குக் கோடியில் இருநூற்றுப் பதினான்காம் கம்பத்தோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது? குகைப்பாதையின் கூரை தாழ்வு என்றார்கள். சரிவில் கம்பம் நிற்காது என்றார்கள். அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். திட்டங்கள் வந்தன, திட்டங்கள் போயின, கம்பி மட்டும் வரவேயில்லை. அந்தக் கம்பத்துக்கு அப்பால் பதினோரு கிலோமீட்டர். அதன் முடிவில் மில் ஊர். பெரிய ஆஸ்பத்திரி அங்கே, கல்லூரி அங்கே, உங்களில் பாதிப் பேருக்குச் சோறு அங்கே.

ஆகவே என்ன செய்தோம்? வந்த வண்டியையெல்லாம் அந்தக் கம்பத்தடியில் நிறுத்தினோம். மின்சார என்ஜினைக் கழற்றினோம், டீசல் என்ஜினை மாட்டினோம். திரும்பி வரும்போது டீசலைக் கழற்றினோம், மின்சாரத்தை மாட்டினோம். ஒவ்வொரு தடவைக்கும் இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் நீங்கள் எத்தனை டீ குடித்திருப்பீர்கள்? எத்தனை முறை எங்களைத் திட்டியிருப்பீர்கள்? யாரது, தினமும் என்கிறவர்? ஐயா, உங்கள் குரல் எனக்கு நன்றாகப் பழக்கம். மூன்றாவது பெட்டி, ஜன்னலோரம். சரிதானே? பார்த்தீர்களா, சிரிக்கிறார்.

இந்த அம்மையார் வந்தார். கம்பியை நீட்ட முடியாவிட்டால் கம்பியில் ஓடுவதைச் சேர்த்துவைத்துக்கொண்டு போனால் என்ன என்று கேட்டார். மின்சார என்ஜினின் வயிற்றிலேயே பேட்டரியை வைத்தார். கம்பிக்குக் கீழே ஓடும்போதே அது தன் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. கம்பம் வந்ததும் கூரைக்கையை மடக்கிக்கொள்கிறது. சேர்த்ததைச் செலவழித்துப் பதினோரு கிலோமீட்டர் போகிறது, மிச்சம் வைத்துத் திரும்பியும் வருகிறது. நிற்க வேண்டாம், மாற்ற வேண்டாம், புகை வேண்டாம், பொருமல் வேண்டாம். எல்லாம் நீங்கள் பத்திரிகையில் படித்ததுதான். பத்திரிகை எழுதாத பெருமை ஒன்று உண்டு. இனிமேல் என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மனிதன் குனிந்து நுழைய வேண்டாம். எனக்கு அது ஒன்றுதான் பெருமை. மற்றதெல்லாம் வசதி.

அந்த இடத்துக்குள் நுழைந்த மனிதனை உங்களுக்குத் தெரியும். கட்டைக்காரர் என்று கூப்பிடுவீர்கள். என்ஜினைப் பெட்டியோடு இணைக்கும் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. மரத்தில் செதுக்கிய ஆப்புக்கட்டை ஒன்றை எப்போதும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். ஒரு முனையில் சிவப்புக் கயிறு. அந்தக் கட்டையை என்ஜின் சக்கரத்துக்கு அடியில் செருகாமல் உள்ளே போக மாட்டார். ஒரு மழை நாளில் நான் கேலி செய்தேன், "என்ன மாப்ள, கட்டையைக் கட்டில்ல பக்கத்துல போட்டுக்கிட்டுதான் தூங்குவியா?" என்று. "ஆமா மச்சான், உங்க தங்கச்சி தூக்கத்துல உருண்டு வந்துடறா" என்றார். நடைமேடையில் நின்ற டீக்காரர் சிரித்த சிரிப்பில் டீயைக் கொட்டிவிட்டார்.

ஆம், அவர் என் தங்கையின் கணவர். அந்தக் கல்யாணமே அந்தக் கம்பத்தடியில் முடிவானதுதான். மில் ஊர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள் என் தங்கை. தினமும் காலையில் இருபத்தைந்து நிமிடம், நடைமேடையில் நின்றுகொண்டு இவர் கொக்கி மாட்டுவதை வேடிக்கை பார்ப்பாள். ஒரு நாள் அவளே கேட்டுவிட்டாள், "அவ்வளவு பெரிய கொக்கியை மாட்டறீங்க, சட்டைப் பொத்தானை ஒரு நாளாவது ஒழுங்கா மாட்டக் கூடாதா?" அன்று மாலை அவர் என்னிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். விஷயம் புரிந்துவிட்டது. எனக்கு அவரை விட்டால் வேறு யாரையும் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக அழைத்துப் போக மனமில்லை. தங்கச்சி, தலையைக் குனியாதே. நல்ல கதையைத்தான் சொல்கிறேன். நல்லது தீரும் வரை சொல்லிக்கொள்கிறேன்.

அன்பர்களே! இப்போது ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ரயில்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். டீசல் என்ஜினை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு கைப்பிடி உண்டு. ஒரு சாண் நீளம், கழற்றி எடுக்கலாம். அது இல்லாமல் என்ஜின் ஓர் அங்குலம் நகராது. கொக்கிக்காரர் உள்ளே போகும் முன் என்ஜின் அறைப் படியில் ஏறுவார், கை நீட்டுவார். ஓட்டி அந்தக் கைப்பிடியைக் கழற்றி அவர் கையில் கொடுக்க வேண்டும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "உள்ளே போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். வேலை முடிந்து வந்து, "வெளிய வந்துட்டேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். உள்ளே இருப்பவனின் உயிர் அவன் சட்டைப் பையிலேயே இருக்கும். இதை எந்தச் சட்டப்புத்தகமும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எங்களுக்கு முன்னால் இதே தண்டவாளத்தில் கை இழந்தவர்களும் கால் இழந்தவர்களும் சேர்ந்து உண்டாக்கிய பழக்கம் அது.

அந்தப் பழக்கத்தில் ஒரு தொல்லை இருந்தது. டீசலைக் கொண்டுவந்து பெட்டிக்கு இரண்டு முழம் முன்னால் நிறுத்துவோம். அவர் கைப்பிடியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், சிக்கிக் கிடக்கும் பிரேக் குழாயைச் சரிசெய்வார். வெளியே வந்து கைப்பிடியைக் கொடுப்பார். நான் மெல்ல நகர்த்தி, என்ஜினின் பஃபரும் பெட்டியின் பஃபரும், அதாவது இரண்டு பக்கத்து இடிதாங்கி இரும்பும், தொடும்படி நிறுத்துவேன். மறுபடியும் கைப்பிடியை வாங்குவார், மறுபடியும் கட்டையைச் செருகுவார், மறுபடியும் உள்ளே போவார், கொக்கியை மாட்டுவார். போக, வர, ஏற, இறங்க என்று ஏழு நிமிடம் வீண். வீண் என்று சொன்னவன் யார்? நான்தான்.

ஒரு பழைய இரும்புத் துண்டையும், கைப்பிடியின் அளவு வரைந்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். இதே அளவில் ஒன்று செய்து தாருங்கள், அலமாரிக்கு வேண்டும் என்றேன். செய்து தந்தவர் இன்றும் நம்மோடு இருக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது, அவரை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அப்படித்தான் என் கையில் இரண்டாவது கைப்பிடி வந்தது.

தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார், ஐந்து நிமிடம் இருக்கிறது என்று. நன்றி ஐயா. ஐந்து நிமிடம் அதிகம். ஒரு மனிதனுக்கு நான்கே நிமிடம்தான் தேவைப்பட்டது.

என் மாப்பிள்ளை அன்று ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம் மச்சான், பழக்கத்தை மாத்தினா மனசு உறுத்தும்" என்றார். நான் விட்டேனா? "ஜனங்க கத்தறது உனக்குக் கேக்கலியா? நாம என்ன வேற ஆளா? நீ உள்ள இருந்து குரல் குடு, நான் ரெண்டு முழம் தள்ளறேன். அவ்வளவுதான்" என்றேன். கட்டை இருந்தால் சக்கரம் நகராதே! ஆகவே கட்டை வேண்டாம் என்றும் நான்தான் சொன்னேன். அந்தக் கட்டையை அவர் என் காலடியில், என்ஜின் அறையில் வைத்துவிட்டுப் போவார். முதல் கைப்பிடி வழக்கம்போல் அவர் சட்டைப் பைக்குப் போகும், பார்ப்பவர்கள் கண்ணுக்காக. இரண்டாவது கைப்பிடி என் கையில் இருக்கும். இருபத்தைந்து நிமிடம் பதினெட்டானது. நேரம் காத்த ஓட்டி என்று எனக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். உங்களில் பலர் அன்று வந்து கைதட்டினீர்கள்.

எட்டு மாதம் அப்படி ஓடியது. எட்டு மாதமும் அவர் உள்ளே போன நாலாவது நிமிடத்தில், "வாங்க மச்சான்" என்று குரல் கொடுப்பார், நான் நகர்த்துவேன். மழையில் நாலாவது நிமிடம், வெயிலில் நாலாவது நிமிடம். கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? என் காது அவர் குரலுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டது. என் கண் கடிகாரத்துக்குப் பழகிவிட்டது.

ஒன்பது ஆண்டுக்கு முன்னால், ஒரு காலை, எட்டு மணி பத்து நிமிடத்து வண்டி. பிரேக் குழாயின் வாய் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. அவர் இடப்பக்கத்து பஃபரின் முகத்துக்கு நேரே நின்று, இரண்டு கையாலும் குழாயைத் திருகிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது தெரியாது. எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அவரைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலாவது நிமிடம் வந்தது. என்ஜினை நகர்த்தினேன்.

அவர் கூப்பிட்டாரா? தெரியாது. டீசல் என்ஜின் நின்றாலும் உறுமிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியும். அந்த உறுமலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடைமேடையில் ஒரு பெண்பிள்ளை அலறியது மட்டும் கேட்டது.

நான் இறங்கி ஓடினேன். அவர் மூச்சு இருந்தது. என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் பிழைத்துப் போயிருப்பேன். சட்டைப் பையை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். கைப்பிடியை எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். கை அங்கே போய்ச் சேரவில்லை.

பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

விசாரணை வந்தது. நல்லவர்கள்தான் வந்தார்கள். கைப்பிடி எங்கே இருந்தது? இறந்தவர் சட்டைப் பையில். அப்படியானால் ஓட்டி என்ஜினை நகர்த்தியிருக்க முடியாது. பிரேக் காற்று கசிந்து என்ஜின் தானே உருண்டிருக்கிறது. கட்டை என்ஜின் அறையிலேயே கிடந்தது, சக்கரத்தடியில் வைத்தாரா? இல்லை. அப்படியானால் குற்றம் யாருடையது? எழுதினார்கள்: கட்டை வைக்காமல் உள்ளே சென்றது இறந்தவரின் கவனக்குறைவு. அவர்கள் பொய் எழுதவில்லை. கண்ணால் கண்டதை எழுதினார்கள். காட்ட வேண்டியதை என் சோற்று டப்பாவுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு நான் எதிரே நின்றேன். சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன்.

தோழர்களே! ஊர் முழுக்கக் கட்டைக்காரர் என்று பெயரெடுத்த ஒரு மனிதன், கட்டை வைக்க மறந்து செத்தான் என்று எழுதிவைத்திருக்கிறோம். இதைவிட ஒரு மனிதனை எப்படிக் கொல்ல முடியும்? முதலில் என் என்ஜின் கொன்றது, அது ஒரு நொடி. பிறகு என் வாய் கொன்றது. அது ஒன்பது ஆண்டு.

காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து என் தங்கை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அடுக்களையில் நின்றுகொண்டு, பாத்திரம் தேய்த்தபடி, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "அண்ணே, அவரு கட்டை வைக்காம போவாராண்ணே?" நான் என்ன சொன்னேன்? "தெரியலம்மா" என்றேன். அவள் குழாயை மூடினாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த ஒரு சொல் அவளை என்ன செய்தது என்று நான் பார்த்திருக்கிறேன். கவனக்குறைவு! வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மறுபடியும் போவாள், மறுபடியும் வருவாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வேலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். இப்போது பாருங்கள், மடியில் இருக்கும் அந்தப் பையின் மேலிருந்து கையை எடுத்திருக்கிறாளா? அவள் பிறவியிலேயே அப்படி இல்லை, ஐயா. துணிச்சல்காரி. நடைமேடையில் நின்று ஆம்பிளையின் பொத்தானைக் கேலி செய்தவள்.

நான் நல்ல அண்ணனாக நடித்தேன். கூரை ஒழுகினால் ஏறினேன். அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான்தான் கூடப் போனேன். "எங்கண்ணன் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்று பக்கத்து வீட்டில் அவள் சொல்வது என் காதில் விழும். அப்போதாவது சொன்னேனா? நாளைக்குச் சொல்லலாம், மகள் பரீட்சை முடியட்டும், தங்கைக்குக் காய்ச்சல் தீரட்டும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டேன். பயம்தான். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம், அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்ற பயம் மீதி எல்லாம்.

இரண்டாவது சீட்டு வந்திருக்கிறது. இந்த விஷயம் இந்த மேடைக்கு வேண்டாம், தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நீங்கள் அன்று இந்த நிலையத்திலேயே இல்லை. ஆனால் ஊர் கூடித்தான் அவருக்குக் கட்டையை மறந்தவர் என்ற பெயரைக் கொடுத்தது. ஊர் கூடியிருக்கும்போதுதான் அதை நான் எடுக்க வேண்டும். தனியாகப் பேசுவதற்கு எனக்கு ஒன்பது ஆண்டு இருந்தது. நான் பேசவில்லையே!

இன்றைக்கு ஏன் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். போன வாரம் சோதனை ஓட்டம். பொறியாளர் அம்மையார் என் பக்கத்தில் நின்றார். இருநூற்றுப் பதினான்காம் கம்பம் வந்தது. கூரைக்கையை மடக்கினேன். ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லை. பேட்டரி ஏந்திக்கொண்டது. அப்படி ஓர் அமைதி! சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் நொறுங்குவது கேட்டது. நடைமேடையில் ஒரு குழந்தை தும்மியது கேட்டது. பத்தொன்பது ஆண்டில் அந்த இடத்தில் நான் எதையும் கேட்டதில்லை. இந்த அமைதி அன்றைக்கு இருந்திருந்தால் அவர் குரல் எனக்குக் கேட்டிருக்கும். இந்தப் பேட்டரி அன்றைக்கு இருந்திருந்தால் அவர் உள்ளே போயிருக்கவே மாட்டார்.

அப்போது என் கை என்ன செய்தது தெரியுமா? நான் சொல்லாமலே ஜன்னலுக்கு வெளியே நீண்டுவிட்டது, கைப்பிடியைத் திருப்பி வாங்குவதற்கு. "என்ன ஆச்சு, யாராவது இருக்காங்களா?" என்று அம்மையார் கேட்டார். யாரும் இல்லை அம்மா என்றேன். அன்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய், கண்ணில் தூசி என்றது.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த என்ஜின் வந்துவிட்டால் அங்கே இனி எந்த வண்டியும் நிற்காது. கொக்கி இருக்காது, கட்டை இருக்காது, கை நீட்டிக் கைப்பிடி வாங்கும் பழக்கம் இருக்காது. அந்தப் பழக்கமே போய்விட்டால், நான் என்ன தப்பு செய்தேன் என்று சொன்னால்கூடப் புரிந்துகொள்ள ஆள் இருக்காது. புதிய என்ஜின் என் குற்றத்துக்கு மேலே சத்தமே இல்லாமல் ஓடிப் போய்விடும். நான் தப்பித்துவிடுவேன், நண்பர்களே. மாலை மரியாதையோடு தப்பித்துவிடுவேன்! அவர் மட்டும் அங்கேயே நிற்பார், கட்டை வைக்க மறந்தவராக.

இதோ. எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுகிறேன். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? இதுதான் இரண்டாவது கைப்பிடி. ஒன்பது ஆண்டு என் அலமாரியில் பழைய சட்டைக்கு அடியில் இருந்தது. பட்டறைத் தோழர்களே, அளவு பார்த்தாலே உங்களுக்குப் புரியும். இந்த மேசையில் வைக்கிறேன். தலைவர் அவர்களே, உங்கள் முன்னால், இந்த ஊர் முன்னால் சொல்கிறேன். அவர் கட்டை வைக்க மறக்கவில்லை. வைக்காதே என்று நான் சொன்னேன். என்ஜின் தானே உருளவில்லை. நான் நகர்த்தினேன். கவனக்குறைவு என்னுடையது. எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

தங்கச்சி, உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீ அன்று கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்கிறேன். போக மாட்டாரும்மா. கட்டை வைக்காம அவர் போகவே மாட்டார்.

யாரும் சத்தம் போடாதீர்கள். எழுந்து வருகிறாள். வழி விடுங்கள், அந்த நாற்காலியை நகர்த்துங்கள். பையைக் கீழே வைத்துவிட்டு வாம்மா, படி உயரம். வேண்டாமா? சரி, எடுத்துக்கொண்டே வா.

மேசைக்கு வந்துவிட்டாள். கைப்பிடியை எடுத்துப் பார்க்கிறாள். பைக்குள் போட்டுக்கொண்டாள். பையை மூடிவிட்டாள். தலைவர் அவர்களே, சாட்சிக்கு அது தேவைப்படும் என்று எனக்கும் தெரியும். இனி அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னம்மா? மைக்கில் சொல்கிறாயா? வேண்டாமா? நான் சொல்லட்டுமா?

என் தங்கை சொல்கிறாள், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் உங்களுக்குச் சொல்கிறேன். "அவரு இன்னும் வெளிய வரலண்ணே. அதுவரைக்கும் நீ வண்டியை எடுக்காதே."

கேட்டீர்களா? பத்தொன்பது ஆண்டு வண்டி ஓட்டிய எனக்குத் தெரியாத ரயில் பழக்கம், நடைமேடையில் நின்று வேடிக்கை பார்த்தவளுக்குத் தெரிந்திருக்கிறது! உள்ளே இருப்பவன் வெளியே வரும் வரை வண்டி நகரக் கூடாது. அவர் வரவில்லை. அலுவலக அலமாரியில், அந்தக் காகிதத்தில், அந்த ஒரு வரிக்குள்ளே அவர் இன்னமும் நிற்கிறார். அந்த வரியை அடித்துவிட்டு அங்கே என்னை எழுதும் நாள் வரை, நான் எந்த வண்டியையும் எடுக்க மாட்டேன். எழுதிய பிறகு எடுக்க விடுவார்களா என்பது வேறு. விடக் கூடாது.

மில் ஊருக்குப் போக வேண்டியவர்கள் கவலைப்பட வேண்டாம். முதல் வண்டி நேரத்துக்குப் புறப்படும். என்னோடு பயிற்சி பெற்ற பெண் ஓட்டுநர் அதோ நிற்கிறார், என்னைவிட நன்றாக ஓட்டுவார். அம்மா, கம்பம் வரும்போது நீங்கள் நிற்க வேண்டாம், இனி அங்கே யாரும் நிற்க வேண்டாம். ஆனால் ஒரு தரம் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

இந்த என்ஜினைத் தந்த அம்மையாருக்கு நன்றி. நீங்கள் செய்த பேட்டரி எத்தனை டன் இழுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது இனி எத்தனை பேரை உள்ளே போகாமல் தடுக்கும் என்பதை நான் சொல்லிவிட்டுப் போகிறேன். சீட்டு அனுப்பியும் மைக்கை நிறுத்தாத தலைவருக்கு நன்றி. கைதட்டாமல் கேட்ட உங்கள் எல்லோருக்கும் பெரிய நன்றி. வணக்கம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை மேற்குக் கோடியில், அந்தக் கம்பத்தைப் பார்த்து வைக்கிறேன்.

மாப்ள, கைப்பிடி இப்ப உன் வீட்டுக்காரிகிட்டதான் இருக்கு. வண்டி நகராது. அவசரமே இல்ல, மெதுவா வெளிய வா. வணக்கம்.